ஒரே மலையின் இரு சரிவுகள்: ஸ்ரீவராகத்துக் குழாய்நீரும் கடினநீரின் வீட்டு வரலாறும்

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியை ஒட்டி, வராகமூர்த்தி கோயிலையும் அதன் பெருங்குளத்தையும் நடுவாகக் கொண்டு அமைந்தது ஸ்ரீவராகம். கோட்டையைச் சுற்றியுள்ள பிற தெருக்களைப் போலவே இங்கும் தமிழும் மலையாளமும் பல தலைமுறைகளாக ஒரே திண்ணையில் புழங்கி வந்துள்ளன. இந்தப் பகுதியின் குழாய்நீரை முன்வைத்துக் கடினநீர் பற்றிப் பேசுவது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும். கரமனையாற்றிலிருந்து வரும் அந்த நீர் கடினநீர் அன்று, மென்னீர். ஆயினும் இன்றைய நகர வீடுகளில் வெந்நீர்க் கலனின் படிவு, குளியலறைத் தரையின் கறை, துணியின் மங்கல், தலைமுடி உதிர்தல் ஆகிய அனைத்துக்கும் 'கடினநீர்' என்னும் ஒரே காரணம் சொல்லப்படுகிறது. அதற்கு மருந்தாக ஒரே வகை இயந்திரமும் விற்கப்படுகிறது. தன் வீட்டு நீரின் இயல்பைத் தானே அறிந்து பெயரிட்ட ஒரு சமூகம் அந்த அறிவை எங்கே விட்டது என்பது ஆராயத்தக்க வரலாற்றுக் கேள்வி.

முதலில் சொல்லின் பொருள். நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகளே கடினத்தன்மைக்குக் காரணம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணக்கல்லைக் கரைத்துப் பைகார்பனேட்டாகச் சுமந்து வருகிறது. நீரைக் கொதிக்கவைத்தால் வாயு வெளியேறுகிறது. கரைந்த சுண்ணாம்பு வெள்ளைப் பொருக்காகப் பாத்திரத்தின் அடியில் படிகிறது. இவ்வாறு கொதிக்கவைத்து நீக்கக்கூடியது தற்காலிகக் கடினத்தன்மை. சல்பேட்டாகவோ குளோரைடாகவோ கலந்திருப்பது கொதிநீரிலும் நீங்காது. அது நிரந்தரக் கடினத்தன்மை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வகுத்துள்ளது. இந்த வரம்புகள் பெரிதும் சுவை, படிவு, சோப்பின் வீண் ஆகியவற்றைக் கருதியவை. கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வகுக்கவில்லை.

நிலம் நீரை எவ்வாறு வகுக்கிறது என்பதற்குத் தென்கோடி மேற்குத்தொடர்ச்சி மலையைக் காட்டிலும் தெளிவான சான்று அரிது. அகத்தியமலையின் கிழக்குச் சரிவில் தாமிரபரணி பிறக்கிறது. மேற்குச் சரிவில் கரமனையாறும் நெய்யாறும் பிறக்கின்றன. உருமாறி இறுகிய பழம்பாறைகளின் மீது விழும் மழையே இவ்வாறுகளின் ஊற்று என்பதால், மலையை விட்டு இறங்கும்போது இரு பக்கத்து நீரும் மென்மையானவை. வேறுபாடு சமவெளியில் தொடங்குகிறது. கேரளத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். நெல்லைச் சமவெளி பெறுவது அதில் கால்பங்கை ஒட்டிய அளவே. மேற்கே ஓயாத மழை மண்ணிலிருந்த சுண்ணத்தையும் பிற காரப்பொருள்களையும் கழுவிக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது. எஞ்சிய இரும்பும் அலுமினியமும் செம்புராங்கல்லாக இறுகின. மலபாரின் அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லைக் கண்டு பிரான்சிஸ் புக்கானன் 'லாட்டரைட்' எனப் பெயரிட்டது 1807இல் வெளிவந்த அவருடைய பயண நூலில் பதிவாகியுள்ளது. இத்தகைய மண்ணில் தோண்டும் கிணற்று நீர் பெரும்பாலும் மென்மையானது, சற்றே அமிலத்தன்மை உடையது, இடத்துக்கேற்ப இரும்பு கலந்தது. கிழக்கே மழை குறைவு, வெயில் மிகுதி, ஆவியாதல் அதிகம். மண்ணில் சுண்ணம் தங்குகிறது. கிணற்றில் உப்பும் கடினமும் ஏறுகின்றன.

இரு நிலங்களின் சிமென்ட் ஆலைகளே இதற்குப் போதிய சாட்சி. நெல்லையை அடுத்த தாழையூத்தில் தரைக்கடியில் கிடைத்த சுண்ணக்கல்லை நம்பி 1949இல் இந்தியா சிமென்ட்ஸ் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு மூன்றாண்டு முன்பு, 1946இல், கோட்டயத்தை அடுத்த நாட்டகத்தில் நிறுவப்பட்ட திருவிதாங்கூர் சிமென்ட்ஸ், வேம்பநாட்டுக் காயலின் சிப்பி ஓடுகளை மூலப்பொருளாகக் கொண்டது. வீட்டுச் சுவருக்கும் வெற்றிலைக்கும் சிப்பியைச் சுட்டே சுண்ணாம்பு எடுத்த நாடு அது. பாலக்காட்டின் கிழக்கெல்லையில் வாளையாறு போன்ற சில இடங்கள் விலக்கு. அங்கே சுண்ணக்கல்லும் உண்டு, கடினநீரும் உண்டு. தமிழர் வாழும் நிலங்களுள் இதன் மறுமுனை யாழ்ப்பாணக் குடாநாடு. அது முழுவதும் சுண்ணக்கற் படுகையின் மேல் அமைந்தது. அங்கே கிணற்று நீர் என்றாலே சுண்ணம் கரைந்த நீர்தான்.

18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மர் காலத்திலிருந்து பத்மநாபசுவாமி கோயிலும் அரண்மனையும் ஈர்த்த குடும்பங்களுள் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவை பல. கோட்டையைச் சுற்றிய அக்கிரகாரங்களில் அந்தணர் குடியேறினர். சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் நிலைத்தனர். 1956 நவம்பர் 1 வரை நாஞ்சில்நாடும் இதே அரசின் பகுதியாக இருந்ததால் போக்குவரத்து ஓயவில்லை. இக்குடும்பங்கள் மொழியோடும் சமையலோடும் நீரைப் பற்றிய ஒரு சொற்றொகுதியையும் கொண்டுவந்தன. நல்லதண்ணீர், சப்பைத்தண்ணீர், சவர்த்தண்ணீர், உப்புத்தண்ணீர் என்பவை வெறும் சுவைக் குறிப்புகள் அல்ல; பயன்பாட்டு விதிகள். குடிக்கவும் உலைவைக்கவும் ஆற்றுத்தண்ணீர், புழக்கத்துக்குக் கிணற்றுத்தண்ணீர். எந்தக் கிணற்றில் பருப்பு வேகும், எதில் வேகாது என்பது ஊரறிந்த செய்தி. வேதியியல் பின்னர் இதற்குக் காரணம் கண்டது: கால்சியம், பருப்பின் செல்சுவரில் உள்ள பெக்டினோடு பிணைந்து அதை இறுக்குகிறது, ஆகவே பருப்பு குழைவதில்லை. அடுப்படியில் ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா சேர்ப்பதன் பயன் இந்த இறுக்கத்தைத் தளர்த்துவதே.

இச்சொற்றொகுதியில் ஒரு நுட்பமும் ஒரு மயக்கமும் உண்டு. நுட்பம், உவர்ப்பும் கடினமும் ஒன்றல்ல என்று அறிந்தது. புறநானூற்றின் 311ஆம் பாடலில் துணி வெளுக்கும் பெண்ணொருத்தி வருகிறாள். அவள் நாள்தோறும் துணி வெளுப்பது களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில். களர்மண்ணில் இயல்பாக அமைந்த சோடியம் கார்பனேட், நீரிலுள்ள கால்சியத்தை வீழ்படிவாக்கி நீக்கிவிடும். மேலும், காரமாக நின்று அழுக்கையும் பிரிக்கும். குடிக்க உதவாத நீர் வெளுக்கச் சிறந்த நீராகலாம் என்ற தெளிவு அந்தக் களர்க்கிணற்றில் இருக்கிறது. உவர்மண்ணில் துணியை ஊறவைத்து வெள்ளாவி வைக்கும் வண்ணார் தொழிலின் அடிப்படையும் இதுவே. ஐரோப்பிய ஆலைகள் சலவைச் சோடா என்று பொட்டலமிட்டு விற்ற பொருளை இத்தொழிலாளர் நிலத்திலிருந்து நேரே எடுத்தனர். மயக்கம், அன்றாடப் பேச்சில் உவர்நீரும் கடினநீரும் 'உப்புத்தண்ணீர்' என்ற ஒரே பெயரில் அடங்கியது. இன்றைய குழப்பத்தின் வித்து அங்கேயே இருந்தது.

குளியலின் வரலாறும் நீரின் தன்மையைப் பின்பற்றியது. சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை ஆகியவற்றின் நுரைக்குக் காரணமான சப்போனின், சோப்பைப் போலக் கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காவதில்லை. கடினநீர் நிலத்தில் இவை நிலைத்ததற்கு இப்பண்பும் ஒரு காரணமாகலாம். மென்னீர் நிலமான கேரளத்தில் செம்பருத்தியிலைத் தாளியும் இஞ்சப் பட்டையும் போதுமானவையாக இருந்தன. 1888இல் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கியபின் நிலைமை மாறத் தொடங்கியது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள 15 லிட்டர் வாளித் தண்ணீரில், நுரை எழும் முன்பே ஏறத்தாழ 27 கிராம் தூய சோப்பு பிசுக்காகி வீணாகும் என்பது எளிய வேதியியல் கணக்கு. கடினநீர் நிலத்து ஏழைக் குடும்பம் ஒவ்வொரு வாளிக்கும் செலுத்திய மறைமுக வரி அது. 1917இல் எறணாகுளத்தில் தொடங்கிய டாட்டா எண்ணெய் ஆலைக்குக் கேரளத்துத் தேங்காய் அடிப்படையாயிற்று. தேங்காயெண்ணெய்ச் சோப்புக்கு உப்புநீரிலும் ஓரளவு நுரைக்கும் இயல்பு உண்டு. கப்பல்களில் கடல்நீரில் குளிப்பதற்கான சோப்பும் இவ்வெண்ணெயிலிருந்தே செய்யப்பட்டது. 1959இல் சர்ஃப், 1969இல் நிர்மா என வந்த செயற்கைச் சலவைத்தூள்கள் கடினநீரிலும் பிசுக்கு உண்டாக்காதவை. அவை வரிச்சுமையைக் குறைத்தன. ஆனால் துணி துவைக்கும் நேரத்தில் நீரை அடையாளம் காணும் பழக்கத்தையும் அவையே தேவையற்றதாக்கின.

நல்லதண்ணீர் என்ற சொல்லுக்குள் சாதியும் இருந்தது. தமிழகத்துக் கிராமங்களில் நல்லதண்ணீர்க் கிணறு யார் கையில் இருந்தது, யாருக்கு அது மறுக்கப்பட்டது என்பது தெரிந்ததே. மறுக்கப்பட்டோருக்கு எஞ்சியது தொலைவு மட்டுமன்று. பருப்பு வேகாத, சோப்பு நுரைக்காத, துணி பழுப்பேறும் நீரும் ஆகும். 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவதார் குளத்து நீரை அம்பேத்கர் அருந்தியதைக் குடியுரிமையின் வரலாறாகப் படிக்கிறோம். அதன் மறுபக்கத்தில் நீரின் தரம் பங்கிடப்பட்ட வரலாறும் உண்டு. திருவிதாங்கூரிலும் 1936 நவம்பர் 12 அன்று ஆலயப்பிரவேச அறிவிப்பு வெளிவரும்வரை கோயிற்குளங்கள் எல்லாச் சாதியினருக்கும் உரியவையாக இல்லை.

அந்த அறிவிப்புக்கு மூன்றாண்டு முன்பு, 1933இல், குழாய் வந்தது. அருவிக்கரையில் கரமனையாற்றைத் தடுத்து, நீரை வெள்ளயம்பலத்துக்குக் கொண்டுவந்து, வடிகட்டி நகருக்கு அளிக்கும் திட்டத்தை வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு திறந்துவைத்தார். அது அவர் பெயரையே தாங்கியது. சித்திரைத் திருநாள் அரசராக இருந்த காலம் அது. 1983இல் மேற்பகுதியில் பேப்பாறை அணை எழுந்தது. 1984இல் பொறுப்பு கேரள நீர் ஆணையத்திடம் சென்றது. இவ்வரலாறு பெரும்பாலும் அணைகளின், கொள்ளளவுகளின், திறப்புவிழாக்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அடுக்களையின் பக்கத்திலிருந்து பார்த்தால் நிகழ்ந்தது வேறு. நெல்லையில் தாமிரபரணித் துறையிலிருந்து குடத்தில் சுமந்த அதே மலையின் மென்னீர், அம்மலையின் மறுசரிவிலிருந்து சுமையின்றி வீட்டுக்குள் வந்தது. உலைக்கு ஒரு நீர், புழக்கத்துக்கு ஒரு நீர் என்ற பிரிவு மறைந்தது. அப்பிரிவைக் காத்துவந்த உழைப்பு பெண்களுடையது என்பதால் விடுதலையும் முதலில் அவர்களுடையதே. வீட்டிணைப்பு பெற்றவர்களுக்கும் தெருக்குழாயில் காத்திருந்தவர்களுக்கும் அது சம அளவில் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். உழைப்பு நீங்கியபோது அதனோடு இணைந்த அறிவும் கைமாறியது. நீர் எத்தன்மையது என்று சொல்லும் பொறுப்பு ஆய்வுக்கூடத்துக்குச் சென்றது.

ஆய்வுக்கூடத்தின் அளவுகோலும் வீட்டிலிருந்தே பிறந்தது என்பது இங்கே நினைக்கத்தக்கது. அபர்தீன் நகரத்து வேதியியல் பேராசிரியர் தாமஸ் கிளார்க், 1841இல் கடினநீரை மென்மையாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கரைந்த சுண்ணத்தை நீக்க அவர் நீரில் சேர்த்தது சுண்ணாம்பையே. கடினத்தன்மையை அளக்க அவர் வகுத்தது சோப்புச் சோதனை: அளவறிந்த சோப்புக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் புட்டியைக் குலுக்கி, நுரை நிலைத்து நிற்க எவ்வளவு தேவைப்படுகிறது என்று காண்பது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் சூரிச்சில் கெரால்டு சுவார்சன்பாக் வகுத்த நுண்முறை அவ்விடத்தைப் பிடிக்கும்வரை, துவைப்பவரின் அனுபவமே விஞ்ஞானத்தின் அளவையாக இருந்தது.

மென்னீர் குறையற்றது என்று கொள்ளவும் இடமில்லை. கிளாஸ்கோ நகரம் 1859இல் லாக் கேட்ரின் ஏரியின் மென்னீரைப் பெற்றபோது சோப்புச் செலவு குறைந்ததைக் கொண்டாடியது. அதே நீர் வீடுகளின் ஈயக்குழாய்களை மெல்லக் கரைத்தது. 1970களில்தான் அந்நகரம் அதற்கு மருந்து தேடியது. கடினநீர் குழாயின் உட்சுவரில் இடும் மெல்லிய சுண்ணப்பூச்சு ஒரு கவசம். மென்னீருக்கு அக்கவசம் இல்லை. அமிலத்தன்மையும் சேர்ந்தால் இரும்புக்குழாயை அரிக்கும். நீர் சுண்ணத்தைப் படியவைக்குமா, கரைக்குமா என்று கணிக்கும் குறியீட்டை வில்பிரெட் லாங்கலியர் 1936இல் வகுத்தார். மென்னீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களில் படிகாரத்தோடு சுண்ணாம்பையும் சேர்ப்பது இதனால்தான். கடினநீர் நாடு நீரிலிருந்து சுண்ணத்தை நீக்கப் பாடுபடுகிறது. மென்னீர் நாடு அதை விலைகொடுத்து வாங்கி நீரில் கலக்கிறது.

ஆகவே ஸ்ரீவராகம் போன்ற பகுதியில் ஒரு வீட்டுக் கறையைக் கடினநீர் என்று முடிவுகட்டுமுன் அதன் நிறத்தைப் பார்க்கவேண்டும். செம்பழுப்பு நிறம் இரும்பின் அடையாளம். அது பழைய குழாயிலிருந்தோ செம்புராங்கல் நிலத்துக் கிணற்றிலிருந்தோ வரலாம். செம்புப் பொருத்திகளை ஒட்டிய நீலப்பச்சைக் கறை அமில நீரின் வேலை. எலுமிச்சைச் சாறு பட்டதும் பொங்கிக் கரையும் வெள்ளைப் பொருக்கே சுண்ணம். மலையாள வீடுகளின் பதிமுகத் தண்ணீரும் ஒரு சாட்சி. அம்மரத்தின் சாயம் அமிலத்தில் மஞ்சளாகவும் காரத்தில் சிவப்பாகவும் மாறும். அது அளப்பது கடினத்தன்மையை அன்று. ஆயினும், வழக்கமான நிறம் திடீரென மாறினால் நீரின் மூலம் மாறியிருக்கலாம் என்று அது எச்சரிக்கும்.

நீரின் மூலம் இன்று அடிக்கடி மாறுகிறது. குழாய்நீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்று நீரும் டேங்கர் லாரி நீரும் அதே மேல்நிலைத் தொட்டியில் கலக்கின்றன. ஒரே குழாயில் திங்களன்று மென்னீரும் வியாழனன்று வேறொன்றும் வரக்கூடும். கடல் சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ள நிலத்தில் ஆழ்துளைக் கிணறுகள் மிகுந்தால் உவர்நீர் உட்புகும் ஆபத்தும் உண்டு. கடல்நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு ஏறத்தாழ 6,300 மில்லிகிராம். அதில் பெரும்பங்கு மக்னீசியம். இருபதில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே கிணற்றின் கடினத்தன்மை 300 மில்லிகிராமுக்கு மேல் உயரும். அந்நிலையில் நாவும் உவர்ப்பை உணரும். மென்னீர் நிலத்தில் கடினநீர் தோன்றுவது இயற்கையின் குறையைக் காட்டிலும் நிலத்தடி நீரை நடத்திய விதத்தின் விளைவாகவே பெரிதும் இருக்கும். அதற்கு விடை ஒவ்வொரு அடுக்களையிலும் ஓர் இயந்திரம் பொருத்துவதில் இல்லை. கிணறும் குளமும் மழைநீரை ஏற்கும் நிலையில் இருப்பதைப் பொறுத்தது அது.

இயந்திரங்களும் ஒன்றல்ல. அயனிப் பரிமாற்றக் கருவி கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தருகிறது. ஜெர்மானிய வேதியியலர் இராபர்ட் கான்ஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயற்கை சியோலைட்டால் தொடங்கிவைத்த வழி இது. எதிர்ச்சவ்வூடுபரவல் முறையோ கரைந்த உப்புகள் அனைத்தையும் பிரித்து, உட்புகும் நீரில் கணிசமான பங்கைக் கழிவாக வெளியேற்றுகிறது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவான இடங்களில் இம்முறையைத் தடைசெய்ய விதி வகுக்குமாறு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில் பணித்தது. அவ்வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மென்னீர் வரும் வீட்டில், இல்லாத கடினத்தை நீக்குவதற்காக நல்லதண்ணீரைச் சாக்கடையில் விடுவது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. மாறாக, கிழக்குப் பாலக்காட்டிலோ கொங்குச் சமவெளியிலோ கிணற்று நீரை மட்டுமே நம்பிய வீட்டுக்கு இதே கருவி தேவையாகலாம். விடை இடத்தைப் பொறுத்தது. இடத்தை அறிந்தவரே விடையை அறிய முடியும்.

நீரின் வரலாற்றை எழுதுவோருக்கும் இதில் ஒரு பணி காத்திருக்கிறது. அரசாவணங்கள் நீரின் அளவைப் பதிந்தன. அதன் தன்மை பதிந்திருப்பது பருப்புப் பானையிலும், வெந்நீர்த் தவலையின் அடியிலும், வேட்டியின் நிறத்திலும், அவற்றைக் கையாண்ட பெண்களின், வண்ணார் குடும்பங்களின் சொற்களிலும் ஆகும். கோட்டைப் பகுதியின் முதிய தலைமுறையிடம் எஞ்சியிருக்கும் அச்சொற்கள் தொகுக்கப்படவேண்டியவை.

சோதனையோ மிக எளிது. மூன்று கண்ணாடிப் புட்டிகளில் சம அளவாக மழைநீர், குழாய்நீர், ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகியவற்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சோப்புச் சீவலை இட்டுக் குலுக்கவேண்டும். செயற்கைச் சலவைத்தூள் இதற்கு உதவாது. எண்ணெய்ச் சோப்பே வேண்டும். தெளிந்த நீரின்மேல் நிலைத்த நுரை நிற்பது மென்னீர்; நுரை வாடிப் பால்போல் கலங்குவது கடினநீர். மூன்றில் எது எதனை ஒத்திருக்கிறது என்று பார்த்தபின் இயந்திரத்தின் விலையை விசாரிக்கலாம்.